அணுக்கத் தொண்டர் ஆனந்த தேரர்



தீரா நோயுற்றவரின் கட்டிலருகே பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள், விழித்திருந்து கஞ்சி ஊட்டியும், மலசலம் எடுத்தும், புண் கழுவியும் பணிவிடை செய்தவர்கள் நம் இல்லங்கள் தோறும் உள்ளனர். நோயாளி கண்மூடிய பின்னர் ஊரார் வந்து எல்லாவற்றையும் விசாரிப்பர். பணிவிடை செய்தவரின் உள்ளம் யாதாயிற்று என்று விசாரிப்பவர் அரியர். இரவு ஷிப்டு முடிந்ததும் பஞ்சாலை வாயிலிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குச் செல்லும் ஆடவரையும், மாமியாரின் படுக்கையருகே தன் உணவை மறந்து அமர்ந்திருக்கும் மருமகளையும் யான் என் வேலைக்காலத்திலேயே கண்டதுண்டு. பின்னாளில் தம்மம் உரைக்கும் பணியை மேற்கொண்டு, இறப்பு நேர்ந்த வீடுகளுக்குச் செல்லத் தொடங்கியபோது, அத்தகையோர் என்னைத் தனியே அழைத்து மெல்லிய குரலில் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் மூன்றே. தாம் ஊட்டிய கடைசி உணவினால் உயிர் போயிற்றோ என்பது ஒன்று. வேறேதேனும் செய்திருந்தால் இன்னும் சில காலம் வாழ்ந்திருப்பாரோ என்பது மற்றொன்று. தம்மம் கேட்டவர்கள் இவ்வாறு அழுவது பிழையாகுமோ என்பது மூன்றாவது.

இம்மூன்று கேள்விகளும் புதியவை அல்ல. பகவான் புத்தரின் அருகிலிருந்து 25 ஆண்டுகள் பணிவிடை செய்து, அவருடைய இறுதி மூச்சு வரை உடனிருந்து, பின்னர் அப்பிரிவின் சுமையைத் தாங்கிய ஒருவரின் வாழ்வில் இம்மூன்றும் நேர்ந்தன. அவரே ஆனந்த தேரர். அவருடைய வரலாற்றைத் துயருற்ற இல்லத்தாரின் கண்கொண்டு இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் துறவும்

ஆனந்தர் சாக்கியர் குலத்தில் தோன்றியவர். பகவானின் தந்தையாகிய சுத்தோதனரின் தம்பி அமிதோதனரின் மைந்தர் என்று தேரவாத மரபு கூறும். ஆகவே பகவானுக்கு அவர் சிற்றப்பன் மகன் ஆவார். பகவான் மெய்யுணர்வு பெற்றுக் கபிலவஸ்து சென்று திரும்பிய பின்னர், மல்லர் நாட்டு அநுபியா என்னும் ஊரின் மாந்தோப்பில் பத்தியர், அநுருத்தர், பகு, கிம்பிலர், தேவதத்தர் ஆகிய சாக்கிய இளைஞர்களோடு ஆனந்தரும் துறவு பூண்டார். அவர்களுக்கு முடிதிருத்தும் தொழில் செய்துவந்த உபாலியும் உடன் சென்றார். குலச்செருக்கு நீங்கும் பொருட்டுத் தங்களுக்கு முன்னதாக உபாலிக்கே துறவு அளிக்க வேண்டும் என்று அச்சாக்கியரே வேண்டிக்கொண்டனர். அவ்வாறே அளிக்கப்பட்டது. அரசகுலத்தார் அனைவரும் முடிதிருத்துபவரை மூத்தவராகக் கொண்டு வணங்கினர். அன்று முதலாவதாக நின்ற உபாலியும், பின்னே நின்ற ஆனந்தருமே பிற்காலத்தில் சங்கத்தின் விநயத்தையும் தம்மத்தையும் காத்துத் தந்த இரு தூண்களாயினர் என்பதை நாம் மறத்தலாகாது.

புண்ணர் என்னும் பிக்குவின் உபதேசத்தைக் கேட்டு ஆனந்தர் முதற்படியாகிய சோதாபன்ன நிலையை எய்தினார். ஆயினும் அதற்கு மேற்பட்ட நிலைகளை நெடுங்காலம் அவர் எய்தவில்லை. பிறர்க்குப் பணி செய்வதிலேயே அவருடைய நாட்கள் சென்றன.

எட்டு நிபந்தனைகள்

மெய்யுணர்வு பெற்ற முதல் 20 ஆண்டுகளில் பகவானுக்கு நிலையான பணியாளர் எவரும் இலர். நாகசமாலர், உபவாணர், சுநக்கத்தர், மேகியர் முதலிய பலர் மாறி மாறிப் பணி செய்தனர். சிலர் சொற்கேளாமல் தம் வழியே சென்றதும் உண்டு. பகவானுக்கு 55 வயதானபோது, நிலையான ஓர் உதவியாளர் வேண்டும் என்று அவர் சங்கத்திற்கு அறிவித்தார். சாரிபுத்தர் உள்ளிட்ட பெருஞ்சீடர் பலர் முன்வந்தனர். ஆனந்தர் மட்டும் வாய்திறவாது அமர்ந்திருந்தார். தகுதி உண்டாயின் பகவானே அழைப்பார் என்பது அவருடைய எண்ணம். அவ்வாறே அழைப்பு வந்தது.

ஆனந்தர் உடனே இசைந்துவிடவில்லை. எட்டு நிபந்தனைகளை முன்வைத்தார். பகவானுக்கு வரும் நல்லாடையையும் நல்லுணவையும் தமக்குத் தரலாகாது. தனி உறையுளில் தம்மைத் தங்கவைக்கலாகாது. பகவானுக்குரிய விருந்துகளுக்குத் தம்மை உடனழைத்தல் ஆகாது என்பவை நான்கு. தாம் ஏற்றுக்கொண்ட அழைப்புக்குப் பகவான் வரவேண்டும். தொலைவிலிருந்து வருவோரை உடனே காண இசைய வேண்டும். ஐயம் எழுந்த போதெல்லாம் கேட்க இடமளிக்க வேண்டும். தாம் இல்லாத இடத்தில் உரைத்ததைத் தமக்கு மீண்டும் உரைக்க வேண்டும் என்பவை மற்ற நான்கு. பணிவிடையினால் ஊதியம் பெறுகிறார் என்ற பழி வாராமைக்கு முதல் நான்கும், பணிவிடை செய்தும் பயன் பெறவில்லை என்ற குறை வாராமைக்குப் பின் நான்கும் அமைந்தன. பணி செய்பவனுக்கும் ஒரு மதிப்பு உண்டு, அவனுக்கும் சில தேவைகள் உண்டு என்பதை ஆனந்தர் தொடக்கத்திலேயே எடுத்துரைத்தார். பகவானும் அதனை ஏற்றுக்கொண்டார்.

அன்று முதல் 25 ஆண்டுகள் அவர் நிழல் போல் உடனிருந்தார். முகம் கழுவ நீரும் பல்லுக்குக் குச்சியும் வைத்தல், காலைக் கழுவுதல், முதுகு பிடித்தல், குடிலைப் பெருக்குதல், வருவோரை நேரமறிந்து உள்ளே விடுதல் ஆகியவை அவருடைய அன்றாட வேலைகள். இரவில் விளக்கேந்தி ஒன்பது முறை குடிலைச் சுற்றி வருவார் என்று பழைய உரைகள் கூறும். மதங்கொண்ட நாளாகிரி என்னும் யானை பகவான் மீது ஏவப்பட்டபோது ஆனந்தர் ஓடி முன்னே நின்றார் என்பதும் மரபு.

நோயாளிக்குச் செய்யும் தொண்டு

ஒருநாள் பகவானும் ஆனந்தரும் பிக்குகளின் உறையுள்களைச் சுற்றிப் பார்த்துவருகையில், வயிற்றுப்போக்கினால் வருந்தித் தன் மலசலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைக் கண்டனர். அவரைக் கவனிப்பார் எவரும் இலர். அவர் பிறர்க்கு உதவாதவராகையால் பிறரும் அவர்க்கு உதவவில்லை என்பது தெரியவந்தது. ஆனந்தர் நீர் கொணர்ந்தார். பகவான் நீர் ஊற்ற, ஆனந்தர் கழுவினார். பகவான் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். பின்னர்ப் பகவான் பிக்குகளைக் கூட்டி, தாயும் தந்தையும் உடனில்லாத துறவிகள் ஒருவர்க்கொருவர் பணி செய்யாவிடில் வேறு யார் செய்வர் என்று உணர்த்தினார். தமக்குச் செய்ய விரும்பும் தொண்டினை நோயுற்றவர்க்குச் செய்யுமாறு பணித்தார்.

நோயாளியைப் பேணுவோர்க்கு வேண்டிய ஐந்து தகுதிகளும் அச்சமயத்தே வகுக்கப்பட்டன. மருந்து ஆயத்தம் செய்யத் தெரிதல். நோய்க்கு ஒத்ததையும் ஒவ்வாததையும் அறிந்து, ஒத்ததைக் கொடுத்து ஒவ்வாததை விலக்குதல். கூலி கருதாது அன்பினால் பணி செய்தல். மலம், சலம், வாந்தி, சளி ஆகியவற்றை அருவருப்பின்றி அகற்றுதல். வேளையறிந்து நல்லுரை கூறி நோயாளியின் மனத்தைத் தேற்றுதல் என்பன அவை. ஈராயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்விதியில் இன்றைய செவிலியர் பள்ளிகள் கற்பிக்கும் அடிப்படைகள் பல அடங்கியுள்ளன.

முதற்பிரிவு

பகவானுக்கு முன்னரே சாரிபுத்தர் மறைந்தார். மகத நாட்டு நாளக கிராமத்தில் நோயுற்று இறந்த அவருடைய திருவோட்டையும் சீவரத்தையும் ஏந்தி ஓர் இளம் சாமணேரர் சிராவஸ்திக்கு வந்தார். ஆனந்தருக்குச் சாரிபுத்தர் உயிர்த்தோழர். செய்தி கேட்டதும் அவருடைய உடல் தளர்ந்தது, திசைகள் புலப்படவில்லை, கற்ற தம்மமும் நினைவுக்கு வரவில்லை. அதனை அவர் மறைக்காமல் பகவானிடமே கூறினார்.

பகவான் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு கேள்வி கேட்டார். சாரிபுத்தர் போகும்போது ஆனந்தருடைய ஒழுக்கத்தையோ, மன ஒருமையையோ, அறிவையோ எடுத்துக்கொண்டு போனாரோ என்பதே அக்கேள்வி. இல்லை என்றார் ஆனந்தர். ஆயினும் சாரிபுத்தர் தமக்கு எத்துணை உறுதுணையாக இருந்தார், எவ்வாறு சலியாமல் கற்பித்தார் என்பதை எடுத்துரைத்து வருந்தினார். பிரிவு எல்லார்க்கும் உரியது என்றும், பெருமரம் நிற்கையிலேயே அதன் பெருங்கிளை முறிவது போன்றது இது என்றும் பகவான் உணர்த்தினார். இறந்தவர் நமக்குள் விதைத்த நற்குணங்கள் அவரோடு போய்விடுவதில்லை என்பதே அக்கேள்வியின் உட்பொருள்.

இறுதிப் பயணம்

பகவானின் 80-ஆம் வயதில் ராஜகிருகத்துக் கழுகுமலையிலிருந்து வடக்கு நோக்கிய கடைசிப் பயணம் தொடங்கிற்று. நாளந்தா, பாடலிகிராமம், வைசாலி என்று வழி நீண்டது. வைசாலியை அடுத்த வேளுவ கிராமத்தில் மழைக்காலம் தங்கியபோது பகவானுக்குக் கடுநோய் வந்தது. பெருவலியை அவர் பொறுத்துக்கொண்டார். பகவானுக்கு நோய் தணிந்த பின்னர் ஆனந்தர் தம் நிலையைக் கூறினார். அந்நாட்களில் தம் உடல் மயங்கிற்று என்றும், திசை தெரியவில்லை என்றும், சங்கத்தைப் பற்றி ஏதேனும் ஏற்பாடு சொல்லாமல் பகவான் மறைய மாட்டார் என்ற ஒரு சிறு நம்பிக்கையே தம்மைத் தாங்கிற்று என்றும் அவர் ஒப்புக்கொண்டார்.

நோயாளியினருகே இருப்பவர் யாவரும் இத்தகைய சிறு நம்பிக்கை ஒன்றைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டிருப்பர். மகள் கலியாணம் முடியும் வரை இருப்பார், அடுத்த பொங்கல் வரை இருப்பார் என்று எண்ணுவர். பகவான் அந்நம்பிக்கையை மெல்ல விடுவித்தார். தாம் எதையும் மறைத்து வைக்கவில்லை என்றும், தம் உடல் வாரால் கட்டி ஓட்டப்படும் பழைய வண்டி போன்றது என்றும் கூறி, ஒவ்வொருவரும் தமக்குத் தாமே புகலாக, தம்மத்தையே புகலாகக் கொண்டு வாழுமாறு அறிவுறுத்தினார். உண்மையை மறையாமல், அன்போடு, தக்க வேளையில் சொல்லுதல் என்னும் கடமையை இங்கே நோயாளியே செய்தார்.

கொல்லர் சுந்தரின் உணவு

பாவா என்னும் ஊரில் கொல்லராகிய சுந்தர் என்பவரின் வீட்டில் பகவான் உணவருந்தினார். அதன்பின் இரத்தத்தோடு கூடிய வயிற்றுக்கடுப்பு உண்டாயிற்று. அந்நிலையிலும் குசிநகரம் நோக்கி நடந்தார். வழியில் ஒரு மரத்தடியில் இளைப்பாறித் தண்ணீர் கேட்டார். அப்போதுதான் 500 வண்டிகள் ஓடையைக் கடந்து கலக்கிவிட்டிருந்தமையால் ஆனந்தர் தயங்கினார். அருகிலுள்ள ஆற்றுக்குச் செல்லலாம் என்றார். பகவான் மூன்றாம் முறையும் கேட்க, ஆனந்தர் சென்று பார்த்தபோது ஓடை தெளிந்திருந்தது. கலங்கல் நீரைத் தரலாமா என்று தயங்கிய அந்தக் கையை, நோயாளிக்கு எது ஆகும் எது ஆகாது என்று நாள்தோறும் தயங்கும் எல்லாக் கைகளுக்கும் யான் ஒப்பிடுவதுண்டு.

அவ்வழியிலேயே பகவான் ஆனந்தரிடம் ஒரு பணியை ஒப்படைத்தார். சுந்தர் தாம் இட்ட உணவினால்தான் பகவான் மறைந்தார் என்று வருந்தக்கூடும். அல்லது பிறர் அவ்வாறு சொல்லி அவரை வருத்தக்கூடும். ஆகையால் ஆனந்தர் சுந்தரிடம் சென்று, மெய்யுணர்வுக்கு முன் அருந்திய உணவும் பரிநிர்வாணத்திற்கு முன் அருந்திய உணவும் மற்றெல்லா உணவினும் சிறந்த பயனுடையவை என்று கூறி அவ்வருத்தத்தை நீக்க வேண்டும். கடுப்பினால் துன்புற்றுக்கொண்டிருந்த ஒருவர், தமக்கு உணவளித்த தொழிலாளியின் பிற்கால மனநோவைக் குறித்துக் கவலை கொண்டார். முதற் கேள்விக்கு இதுவே விடை. கடைசி உணவை ஊட்டியவர் அன்பினால் ஊட்டினார். அவ்வன்பே அவ்வுணவின் பயன். அதனைப் பழியாக மாற்ற எவர்க்கும் உரிமை இல்லை, ஊட்டியவர்க்கும் இல்லை.

குசிநகரத்து இரவு

இன்று உத்தரப் பிரதேசத்தில் உள்ள குசிநகரமே அவ்விடம். 1876-ஆம் ஆண்டு அங்கே நடந்த அகழ்வில், சாய்ந்து கிடக்கும் நிலையிலுள்ள பகவானின் பெருஞ்சிலை வெளிப்பட்டது. அன்று அவ்வூர் மல்லர்களின் ஒரு சிற்றூரே. ஹிரண்யவதி ஆற்றின் மறுகரையிலுள்ள சாலவனத்தில், இரண்டு சால மரங்களுக்கிடையே ஆனந்தர் கட்டிலை விரித்தார். வடக்கே தலைவைத்து வலப்பக்கம் சாய்ந்து பகவான் படுத்தார்.

உடலை என்ன செய்வது, யார் சடங்கு செய்வது என்பன போன்ற கேள்விகளையெல்லாம் ஆனந்தர் கேட்டு முடித்தார். செய்யவேண்டிய வேலை தீர்ந்தபோது துயரம் மேலெழுந்தது. அவர் உறையுளினுள்ளே சென்று கதவு நிலையைப் பற்றிக்கொண்டு அழுதார். தாம் இன்னும் கற்கவேண்டியவராகவே இருக்க, தம்மீது இரக்கம் கொண்ட ஆசான் மறையப்போகிறாரே என்பது அவருடைய அழுகை.

ஆனந்தர் எங்கே என்று பகவான் வினவினார். அழுதுகொண்டிருப்பதை அறிந்து அழைத்துவரச் செய்தார். அன்புக்குரியவை யாவும் ஒருநாள் பிரியும் என்பதைத் தாம் முன்னரே சொல்லவில்லையா என்று நினைவூட்டினார். ஆனால் அத்தோடு நிறுத்தவில்லை. ஆனந்தர் நெடுங்காலம் உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் குறைவற்ற அன்போடு பணி செய்தார் என்றும், அதனால் பெரும்பயன் ஈட்டினார் என்றும், முயன்றால் விரைவில் விடுதலை எய்துவார் என்றும் கூறினார். பின்னர்ப் பிக்குகளின் நடுவே ஆனந்தரின் அறிவையும் இனிய இயல்பையும் விரித்துப் புகழ்ந்தார். இறக்கின்றவர், பிழைத்திருக்கப் போகின்றவரைப் பலர் முன்னிலையில் பாராட்டினார். அருமை வாசகர்களே, பணிவிடை செய்தவர்க்குக் கிடைக்கக்கூடிய மருந்து இதைவிட வேறு உண்டோ? அழுகைக்காக ஆனந்தரை எவரும் தண்டிக்கவில்லை. அழைத்து அருகில் அமர்த்தி அவருடைய தொண்டு கண்டறியப்பட்டது. மூன்றாம் கேள்விக்கு விடை இதுவே.

அன்றிரவின் முதல் யாமத்தில், மல்லர்களைக் குடும்பம் குடும்பமாக நிறுத்தி விடைபெறச் செய்தார் ஆனந்தர். சுபத்தர் என்ற துறவி ஐயம் தெளிய வந்தபோது, பகவான் களைத்திருக்கிறார் என்று மும்முறை தடுத்தார். பகவான் அதனைக் கேட்டு அவரை உள்ளே விடச் செய்தார். காப்பவரின் தடையும் அன்பே. நோயாளியின் விருப்பமோ அதனினும் பெரிது.

இறுதியில் பகவான் தியான நிலைகளில் ஆழ்ந்தார். ஆனந்தர் உயிர் பிரிந்துவிட்டதென்று எண்ணி அநுருத்தரிடம் கூறினார். இன்னும் இல்லை என்று அநுருத்தர் தெளிவித்தார். சிறிது நேரத்திற்குப் பின்னரே பரிநிர்வாணம் நிகழ்ந்தது. தேரவாத மரபுக் கணக்கின்படி அது கி.மு. 544, வரலாற்றாசிரியர் பலர் அதற்குப் பிற்பட்டதாகக் கொள்வர். பிக்குகளிற் சிலர் கைகளை உயர்த்தி அழுதனர். வேரற்ற மரம் போல் வீழ்ந்து புரண்டனர். வேறு சிலர் நிலையாமையை எண்ணிப் பொறுத்தனர். அநுருத்தர் அனைவரையும் தேற்றினார். இரவின் எஞ்சிய பொழுதை அநுருத்தரும் ஆனந்தரும் தம்ம உரையாடலிலேயே கழித்தனர். பொழுது விடிந்ததும் ஆனந்தர் மல்லர்க்குச் செய்தி சொல்ல ஊருக்குள் சென்றார். துயருற்றவரைத் தனியே விடாமல் விடியும்வரை உடனிருத்தல் என்னும் வழக்கத்தை நம் வீடுகளிலும் நாம் கைக்கொள்ளலாம்.

வெறுமையான குடில்

ஈமக்கடன் முடிந்து, எலும்புகள் எட்டுப் பங்காகப் பகிரப்பட்டன. ஆனந்தர் சிராவஸ்திக்குத் திரும்பினார். ஜேதவனத்தில் பகவானின் குடிலைத் திறந்தார். உரைநூல்கள் கூறும் காட்சி இது. கட்டிலையும் இருக்கையையும் வெளியே எடுத்துத் தூசி தட்டினார், குடிலைப் பெருக்கினார், வாடிய மாலைகளை அகற்றினார், கட்டிலை மீண்டும் இருந்த இடத்திலேயே வைத்தார். நீராடும் வேளையிலும் உரையாற்றும் வேளையிலும் பகவான் உயிரோடிருந்தபோது செய்த பணிகளையெல்லாம் அவ்வவ்வேளையில் செய்து புலம்பினார்.

கணவர் இறந்த பின்னரும் அதே நேரத்தில் மருந்துப் புட்டியை எடுக்கக் கை நீளுவதாகச் சொல்லும் தாய்மார்கள் உண்டு. அது பித்து அன்று. 25 ஆண்டுகள் பழகிய கை ஒரே நாளில் ஓய்வதில்லை. தறி நின்ற பின்னரும் அதன் ஓசை நெசவாளியின் செவியில் நெடுநேரம் இரைவது போன்றதே அது.

ஆனந்தரின் உடலும் நலிந்தது. நெடுநாள் நின்றும் அமர்ந்தும் பணி செய்தமையால் நோயுற்ற அவர் மருந்துண்டார். சுபர் என்ற இளைஞர் காண விரும்பியபோது, அன்று மருந்துண்டமையால் மறுநாள் வருவதாகச் சொல்லியனுப்பினார். தம் உடம்பையும் கவனிக்க வேண்டும் என்று உணர்ந்த செயல் இது. மேலும், கோசல நாட்டுக் காட்டில் தங்கியிருந்த நாட்களில், வருந்தி வந்த மக்களைத் தேற்றுவதிலேயே அளவுக்கு மிஞ்சிய பொழுதைச் செலவிட்டார். பிறர் துயரைத் துடைப்பதில் தம் துயரை மறைத்துக்கொள்ளும் இவ்வியல்பு பணிவிடை செய்வோர்க்கு இயற்கை. ஒரு வனதேவதை தோன்றி, பேச்சைக் குறைத்து மரத்தடியில் அமர்ந்து தியானம் செய்யுமாறு அவரை எச்சரித்தது என்று சூத்திரம் கூறும்.

அதன்பின் ராஜகிருகத்தில் மகாகாசியபர் தலைமையில் முதற்சங்கம் கூடிற்று. 499 அரகந்தர்களோடு, அந்நிலை எய்தாத ஆனந்தரும் பிக்குகளின் வேண்டுகோளால் சேர்க்கப்பட்டார். கூட்டத்திற்கு முந்திய இரவு முழுதும் அவர் முயன்றார். விடியற்காலையில் சற்றே படுக்கலாம் என்று சாய்ந்தபோது, கால் நிலத்தை விட்டு எழுந்து, தலை தலையணையைத் தொடுமுன் அவருக்கு விடுதலை கிட்டிற்று. இறுகப் பிடித்த முயற்சியைத் தளர்த்திய கணத்தில் அது வாய்த்தது என்பது சிந்திக்கத்தக்கது. மறுநாள் அவர் தம் நினைவிலிருந்து பகவானின் உரைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். பெரும்பாலான சூத்திரங்கள் தொடக்கத்தில் தாம் கேட்டதாகக் கூறும் குரல் ஆனந்தருடையதே. நோய்ப்படுக்கையருகே இருந்தவரின் நினைவுதான் உலகிற்குத் தம்மத்தைக் கொடுத்தது.

குற்றச்சாட்டுகள்

அதே அவையில் மூத்தோர் அவர்மீது குற்றங்களைச் சாட்டினர். சிறிய விதிகள் யாவை என்று பகவானிடம் கேட்டுவைக்கவில்லை. தைக்கும்போது பகவானின் மழையாடையை மிதித்தார். திருவுடலை முதலில் பெண்கள் வணங்க விட்டு, அவர்களுடைய கண்ணீர் அதன்மீது பட இடங்கொடுத்தார். பகவான் குறிப்புக் காட்டியும் நீண்ட காலம் வாழுமாறு வேண்டவில்லை. மகாபிரஜாபதி கோதமிக்காகப் பரிந்துபேசிப் பெண்களைச் சங்கத்தில் சேர்க்கச் செய்தார் என்பன அவை.

பரம்பரையாக நாம் காண்பதும் இதுவே. பணி செய்யாதவர்கள் பின்னர் வந்து கணக்குக் கேட்பர். வேறு ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டுபோகவில்லை, கடைசி நேரத்தில் ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்பர். அவ்வினாக்கள் பணி செய்தவரின் நெஞ்சில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் தீயில் நெய் வார்ப்பன. ஆனந்தர் சினந்தெழவில்லை; தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்ளவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறினார். விதிகளைக் கேளாதது மறதியால்; ஆடையை மிதித்தது மரியாதைக் குறைவால் அன்று; பெண்கள் வேளை தப்பித் திரும்பும்படி ஆகலாகாது என்றே முதலில் வணங்க விட்டார்; ஆயுளை நீட்டிக்க வேண்டாதது, மாரனால் மனம் மயங்கியிருந்தமையால்; கோதமியோ, தாயிழந்த பகவானுக்குப் பாலூட்டி வளர்த்தவர். இவற்றில் தாம் குற்றம் காணவில்லை என்றும், ஆயினும் மூத்தோர்மீது வைத்த நம்பிக்கையால் குற்றமென ஒப்புகிறேன் என்றும் முடித்தார்.

இரண்டாம் கேள்விக்கு விடை இதிலே உண்டு. கலங்கிய மனத்தோடு இருந்த வேளையில் ஒன்றைக் கேளாமல் விட்டது உண்மை. அக்கலக்கமும் அன்பின் விளைவே. அன்று தெரிந்ததைக்கொண்டு அன்று செய்தோம். இன்று தெரிவதைக்கொண்டு அன்றைய நம்மைத் தண்டித்தல் நீதியாகாது.

எஞ்சிய ஆண்டுகள்

அதன்பின் ஆனந்தர் நெடுங்காலம் வாழ்ந்தார். 120 வயது வரை என்பது மரபு. கோசாம்பியில் உதயண மன்னரின் அரண்மனைப் பெண்டிர் அவருக்கு 500 ஆடைகளை ஈந்தபோது, இத்தனை எதற்கு என்று மன்னர் வினவினார். கந்தலணிந்த பிக்குகளுக்கு இவை ஆடையாகும். பழைய ஆடைகள் படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்புகள் மெத்தை உறையாகும். அவை நைந்தால் தரைவிரிப்பு, பின்னர்க் கால்துடைப்பு, பின்னர்த் தூசித்துணி. அதுவும் கிழிந்தால் துண்டாக்கி மண்ணோடு குழைத்துத் தரை மெழுகுவோம் என்று ஆனந்தர் விளக்கினார். ஆலையில் துணியோடு வாழ்ந்த எனக்கு இக்கதை மிகவும் பிடித்தமானது. ஒன்று தன் வடிவத்தை இழக்கிறது, பயனை இழப்பதில்லை. நாம் ஒருவருக்குச் செய்த பணிவிடையும் அவ்வாறே. அவர் போன பின்னர் அது நம்மிடம் பொறுமையாகவும், பிறர் நோயை அறியும் கண்ணாகவும் மாறி நிற்கும்.

நம் கடமை

1967-இல் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டது முதல், தீரா நோயுற்றோரின் வலியைத் தணித்து, குடும்பத்தாரையும் தாங்கும் மருத்துவம் உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் 1986-இல் பம்பாயில் சாந்தி அவேதனா இல்லமும், 1993-இல் கோழிக்கோட்டில் வலிதணிப்புச் சங்கமும் தோன்றின. 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டு, வலிக்கு வேண்டிய மார்பின் மருந்தைப் பெறும் வழி எளிதாக்கப்பட்டது. நோயாளி இறந்த பின்னரும் குடும்பத்தாரைக் கண்டு விசாரிப்பது இம்மருத்துவத்தின் ஒரு பகுதி. அதனை நம் சங்கத்தாரும் செய்யலாம். செலவு ஏதும் இல்லை.

நீங்கள் அறிந்த ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்திருந்தால், 16-ஆம் நாள் கழிந்து உறவினர் ஊர் திரும்பிய பின்னர் அங்கே செல்லுங்கள். கட்டிலருகே இருந்தவர் யார் என்று கேளுங்கள். அவர் செய்ததைப் பலர் முன்னிலையில் எடுத்துச் சொல்லுங்கள். அவர் உண்டாரா, உறங்கினாரா, தம் உடம்புக்கு மருந்து வாங்கினாரா என்று பாருங்கள். அழுதால் அழ விடுங்கள். குசிநகரத்தில் பகவான் ஆனந்தருக்குச் செய்தது இவ்வளவே.

எல்லா உயிர்களும் துயர் நீங்கி வாழ்க.